பதுமநாபபுரம் அரண்மனையும் மாற்றுத்திறனாளிகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அணித்தாக அமைந்துள்ள பதுமநாபபுரம் அரண்மனை 1601ஆம் ஆண்டையொட்டித் தோன்றியதென்பர். மார்த்தாண்டவர்மர் (1729-1758) காலத்தில் அது விரிவுற்றது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதிலும், அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே நின்றது, இன்றும் அவ்வாறே. அருங்காட்சியகமாக விளங்கும் இம்மரமாளிகையை நடக்கவோ காணவோ இயலாதார் எங்ஙனம் அறிந்து மகிழ்தல் கூடும் என்பதே ஈண்டு யாம் ஆராயப்புகும் வினா.

காண வருவார் முதலிற் புகுமிடம் பூமுகம். அங்கிருந்து குறுகிச் செங்குத்தாய் எழும் மரப்படிகளின் வழியே மேலுள்ள மந்திரசாலைக்கு ஏறவேண்டும். திருவிதாங்கூர் மன்னர் அமைச்சரோடு அமர்ந்து ஆய்ந்த அவை அது. சக்கர நாற்காலியில் வருவார்க்கு, எனவே, காட்சியின் தொடக்கத்திலேயே வழி அடைபடுகின்றது.

அங்கு மின்தூக்கி அமைக்கலாகாதோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. உத்தரத்தையும் தளத்தையும் வெட்டாமல் அஃது இயலாது. வெட்டினாற் காட்டுதற்குரிய பொருளே குறைபடும். ஆயின் இவ்வொரு தடையைச் சுட்டி ஏனையவற்றையும் நீக்கவொண்ணாதன என விடுதல் பொருந்தாது. நிலத்தளத்துக் கூடங்கள் பல. ஓரடி உயர்ந்த வாயிற்படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. அதனை மரத்தாற் செய்து, ஆணியறையாது சார்த்தி வைப்பின் வேண்டியபோது எடுத்துவிடலாம். மேல்மாடங்களின் சிற்றுருவைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம்.

காலணியைக் கழற்றிப் புகுக என்னும் விதி, சிரட்டைக் கரியும் சுண்ணமும் முட்டை வெண்கருவும் கலந்து மெருகேற்றியதாகக் கூறப்படும் கருந்தரையைக் காத்தற்கு நன்றே. எனினும், இளம்பிள்ளைவாதத்தாற் கால் மெலிந்தார் பலர் அணியும் தாங்கி காலணியோடு பிணைக்கப்பட்டது. அவரைக் கழற்றச் சொல்லுதல் நடையையே விட்டு வரச் சொல்லுதலாம். காலணிமேல் ஒரு துணியுறை இட்டால் தரையும் பிழைக்கும், அவரும் நடப்பர். இதற்குப் பெரும்பொருள் வேண்டா.

நிலம் ஒரு மாநிலத்தது, கட்டடம் மற்றொன்றின் பொறுப்பு என்பதும் தடையாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டிற்கும் பொது. பொதுமக்கள் பயன்கொள்ளும் பழைய கட்டடங்களும் விதிகள் வெளிவந்த ஐந்தாண்டிற்குள் அணுகத்தக்கனவாதல் வேண்டும் என அது கூறிற்று. விதிகள் 2017இல் வெளிவந்தன. கலையை அணுகத்தக்கதாக்குதலை அதன் 29ஆம் பிரிவு தனியே எடுத்தோதுகின்றது.

பார்வையற்றார் நிலை வேறு. அவர்க்குப் படியினும் பெருந்தடை, பொருளைத் தொடலாகாது என்னும் கட்டளையே. பூமுகத்தின் மேற்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன என்பர். பார்வையுடையார் சிறிது பொழுது அண்ணாந்து நோக்கி அகல்வர். அவற்றுள் மூன்றனையேனும் அதே அளவில் மரத்திற் செதுக்கிக் கையிற் கொடுப்பின், உளியின் நுட்பத்தை விரல் நன்கறியும். தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் 'அனுபவ்' கூடம் இங்ஙனம் தொட்டறியும் படிகளால் அமைந்ததே.

தமிழ்த்துறையினர்க்கு இதனினும் நெருங்கியது கல்வெட்டு. அச்சிட்ட தாளின் எழுத்து விரலுக்குப் புலனாகாது. கல்லில் வெட்டிய எழுத்துப் புலனாகும். மூலக் கல்லைப் பலரும் தொட்டால் எழுத்துத் தேயுமன்றோ எனின், கல்லைத் தீண்டாமலே முப்பரிமாண வருடியால் அளந்து, பள்ளமும் மேடும் மாறாத படி செய்தல் இன்று இயல்வதே. தமிழில் முதுகலை பயிலும் பார்வையற்ற மாணவர் பலர் உளர். வட்டெழுத்தின் சுழிவை அவர்க்குச் சொல்லால் உணர்த்துதல் எத்துணை அரிதென்பதைக் கல்வெட்டியல் கற்பிப்பார் அறிவர். நாஞ்சில் நாட்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளுள் நான்கைந்தினைத் தேர்ந்து இவ்வாறு படி செய்து, வாசகத்தைப் பிரெயில் எழுத்தில் அருகே பொறித்துவைப்பின், அம்மாணவர் தாமே தடவிப் படிப்பர். பதிப்பித்தார் கொண்ட பாடத்தை மறுத்துரைக்கவும் கூடும்.