முதல் போன் யாருக்கு?

"அண்ணாச்சி, குட்டி ரத்தமா கழியுது."

எப்போதும்வென்றான், கோவில்பட்டி பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்த்து விற்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும் போன் இது. குட்டி போய் ஐந்து நாள்தான் ஆகியிருக்கும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸாக இருக்கலாம். பொழுது சாய்வதற்குள் வாட்ஸ்அப்பில், "அவருகிட்ட குட்டி எடுக்காதீங்க" என்று ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும்.

பயத்தில் பலர் போனை அணைத்துவிடுகிறார்கள். அதில்தான் மற்றக் குட்டிகள் சாகின்றன. பார்வோ தொற்றினால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். தொற்றியது விற்ற வீட்டிலா, வாங்கிய வீட்டிலா என்று உடனே சொல்ல முடியாது. ஆனால் அதே ஈத்துக் குட்டிகள் நாலு ஊரில் இருக்கின்றன. முதல் போன் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும்: "ஒரு குட்டிக்கு முடியல, உங்க குட்டிய இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க." ஊருக்கு விளக்கம் அதற்குப் பிறகுதான்.

விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பார்க்கலாம். 2021 மே 26 அன்று அங்கே சிங்கங்கள் இருமின. ஜூன் 3 சாயங்காலம் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. மறுநாளே பூங்கா நிர்வாகம் அறிக்கை விட்டது. இருமல் கண்ட நாள், மாதிரி எடுத்த சிங்கங்கள் 11, கொரோனா உறுதியானவை 9, சோதித்தது போபால் ஆய்வகம் என்று எல்லாம் அதில் இருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் நீலாவுக்கு மூக்கில் லேசாகச் சளி வடிந்ததையும் சொன்னார்கள். கெட்ட சேதியை அவர்களே, தேதியோடு சொன்னது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மெனு ஃபுட்ஸ் என்ற பிராணித் தீவன நிறுவனத்தின் கதை இருக்கிறது. வட அமெரிக்காவில் அதன் தீவனம் தின்ற பிராணிகளுக்குச் சிறுநீரகம் கெட்ட புகார் 2007 பிப்ரவரி 20-ல் வந்தது. தீவனத்தைத் திரும்பப் பெற்றது மார்ச் 16-ல். இடைப்பட்ட 24 நாளும் வீடுகளில் அதே தீவனத்தைத்தான் வைத்தார்கள்.

மீட்பு இல்லங்களுக்கும் இதே வழிதான். தத்துக் கொடுத்த வீடுகளுக்கு முதலில் சொல்லிவிட்டு, புதுப் பிராணிகளைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

குட்டி கொடுக்கும்போதே வாங்குகிறவர் பேர், ஊர், போன் நம்பர், ஊசி போட்ட தேதி நாலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு குட்டி போயிருந்தால் ஆறு நம்பரும் அதில் இருக்க வேண்டும்.