குறிக்கோள் சார்ந்த முடிவெடுத்தலின் நரம்பியல்

குறிக்கோள் சார்ந்த முடிவெடுத்தல் என்பது, ஒரு செயலால் என்ன விளையும், அவ்விளைவு இப்போது வேண்டத்தக்கதா என்னும் இரண்டையும் கருதிச் செயலைத் தேர்ந்தெடுப்பதாகும். இவற்றைக் கருதாமல், சூழல் தூண்டியவுடன் நிகழும் செயல் பழக்கம் எனப்படும். இருட்டில் வெளிச்சம் வேண்டி விளக்கின் விசையைத் தட்டுவது முதல் வகை. மின்வெட்டு என்று அறிந்திருந்தும் அறைக்குள் நுழைந்ததும் கை தானாக விசைக்குச் செல்வது இரண்டாம் வகை. மூளையில் இவ்விரண்டுக்கும் துணைநிற்கும் நரம்பணு வலையமைப்புகள் பெருமளவு வேறானவை.

வேறுபடுத்தும் சோதனை

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. இதற்கு ஆடம்சு, டிக்கின்சன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட எலிச் சோதனை வழிகாட்டியது. நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை கிடைக்கும் என எலிகள் கற்றன. பின்னர், நெம்புகோல் இல்லாத வேளையில் அவ்வுணவை உண்ணச் செய்து, குமட்டல் உண்டாக்கும் இலித்தியம் குளோரைடு செலுத்தப்பட்டது. எலிகள் அவ்வுணவை வெறுத்தன. மீண்டும் நெம்புகோல் வைக்கப்பட்டபோது அதை அழுத்துவது குறைந்தது. இச்சோதனையின் நுட்பம், இறுதிக் கட்டத்தில் உணவே வழங்கப்படவில்லை என்பதில்தான் உள்ளது. ஆகவே எலி அப்போது புதிதாக எதையும் சுவைத்துக் கற்கவில்லை. விளைவை மனத்தில் கொண்டே செயலைக் குறைத்திருக்க வேண்டும். நீண்ட பயிற்சி பெற்ற எலிகளோ, வெறுத்த உணவுக்காகவும் முன்போலவே அழுத்தின என்று ஆடம்சு 1982 இல் காட்டினார்.

நரம்பணு வலையமைப்புகள்

மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி இங்கு முதன்மையானது. அதன் மேற்புறத்தின் உட்பக்கம் சிதைந்த எலிகள், குறைந்த பயிற்சிக்குப் பின்னரும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவை போல நடந்துகொண்டன. வெளிப்பக்கம் சிதைந்தவையோ, நீண்ட பயிற்சிக்குப் பின்னரும் விளைவின் மதிப்பைப் பொருட்படுத்தின. இன், நோல்ட்டன், பலைன் ஆகியோர் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இவற்றை வெளியிட்டனர். உட்பக்கம் முன்மூளைப் புறணியுடனும், வெளிப்பக்கம் உணர்வு, இயக்கப் புறணிகளுடனும் மிகுதியாக இணைந்துள்ளன.

செய்தி புறணியிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்கும், அங்கிருந்து தலாமசு வழியாக மீண்டும் புறணிக்கும் சுற்றிவருகிறது. இச்சுற்றின் வெளியேற்ற நரம்பணுக்கள் இயல்பாகத் தலாமசை அடக்கியே வைத்துள்ளன. தேர்ந்த செயலுக்கு மட்டும் அவ்வடக்கம் தளர்கிறது. கதவைத் தள்ளித் திறப்பதைவிடத் தாழ்ப்பாளை விலக்குவதற்கு இது ஒப்பாகும்.

மதிப்பீட்டில் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் புறணி பங்கேற்கிறது. இரு பழச்சாறுகளுள் ஒன்றைத் தேரும் குரங்குகளில், அங்குள்ள சில நரம்பணுக்களின் துடிப்பு, தேர்ந்த சாற்றின் வகையையோ அது இருந்த பக்கத்தையோ சாராமல், அதன் மதிப்புக்கு ஏற்ப மாறுவதைப் படோவா-சியோப்பா, அசாத் ஆகியோர் 2006 இல் கண்டனர். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை டோப்பமின் நரம்பணுக்கள் தெரிவிக்கின்றன.

சமநிலை மாறும்போது

பழக்கம் குறையன்று, அது இல்லையேல் நடப்பதும் உடுத்துவதும் பெரும் சுமையாகும். ஆனால் நீடித்த மன அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில் ஸ்ட்ரையேட்டத்தின் உட்பக்க நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கி, வெளிப்பக்கத்தவை விரிந்ததையும், அவ்வெலிகள் பழக்கத்தின்படியே நடந்ததையும் 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கட்டாய எண்ணச் செயல் நோய் உள்ளவர்களிடமும் பழக்கத்தின் பக்கம் சாயும் போக்கு 2011 இல் அறியப்பட்டது. போதைப் பழக்கமும் இவ்வகையினதே என்னும் கருத்து விவாதத்துக்கு உரியது: போதைப்பொருளைத் தேடி ஒருவர் செய்யும் திட்டமிட்ட முயற்சிகள் பழக்கத்தைவிடக் குறிக்கோளையே காட்டுகின்றன என்பாரும் உளர்.