கோலிக்கு யார் சொல்வது?

பூச்சோங், பண்டார் கின்ராராவின் கிரிக்கெட் திடலுக்கு ஒரு பெருமை உண்டு. 2008 மார்ச் 2-ஆம் தேதி 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. தென்னாப்பிரிக்காவை வென்று கிண்ணத்தைத் தூக்கிய இந்திய அணியின் தலைவர், 19 வயது விராட் கோலி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய சச்சின் டெண்டுல்கர், அதே திடலில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் குவித்தார்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆடிவிட்டுப் போன இந்த இருவருக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பெயரும் புகழும் சேர்ந்த பிறகு இருவருக்கும் ஒரே சிக்கல் வந்தது. வந்த இடமும் ஒன்றுதான், ஆஸ்திரேலியா. ஒருவர் அதிலிருந்து மீண்டார். மற்றவரால் மீள முடியவில்லை. ஏன் என்ற கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை.

முதலில் கோலியின் கதை. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டெஸ்ட் தொடரில் அவர் 9 முறை களமிறங்கினார். பெர்த்தில் ஒரு சதம் அடித்தார். அதையும் சேர்த்து மொத்தம் 190 ஓட்டங்கள்தான். எட்டு முறை ஆட்டமிழந்தார். எட்டு முறையும் ஒரே மாதிரி: உடலை விட்டுத் தள்ளி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையால் தேடிப் போவார். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, விக்கெட் காப்பாளரிடமோ ஸ்லிப்பில் நிற்பவரிடமோ போய்ச் சேரும். ஸ்காட் போலண்ட் என்ற ஒரே பந்து வீச்சாளர் அவரை நான்கு முறை வெளியேற்றினார்.

அந்த நாட்களில் பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் இதே பேச்சுதான். "வயசு முப்பத்தாறு ஆச்சு, கண்ணு முன்ன மாதிரி வேலை செய்யுமா?" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, தலைக்கனம். யார் சொன்னாலும் கேட்க மாட்டார்" என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை.

வயதுதான் காரணம் என்றால் சச்சினின் கதை இடிக்கிறது. 2003-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரில் அவருக்கு வயது 30. ஆட்டத்திறன் உச்சத்தில் இருக்க வேண்டிய வயது. ஆனால், முதல் ஐந்து முறை களமிறங்கி அவர் எடுத்தது 0, 1, 37, 0, 44. மொத்தம் 82 ஓட்டங்கள். அவரையும் சில முறை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகள் விழுங்கின.

கடைசி டெஸ்ட் 2004 ஜனவரி 2-ஆம் தேதி சிட்னியில் தொடங்கியது. அதில் சச்சின் ஒரு முடிவோடு இறங்கினார்: கவர் டிரைவ் அடிப்பதில்லை. பந்தை நோக்கி முன்காலை வைத்து, ஆஃப் பக்கம் நிற்கும் தடுப்பாளர்களின் இடைவெளியில் பந்தை அனுப்பும் அழகான அடி அது. பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டும் அடி. அதை அன்று மூட்டை கட்டி வைத்தார். பந்து வீச்சாளர்கள் வெளியே போட்டு ஆசை காட்டினார்கள். அவர் விட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் அவர்கள் ஸ்டம்பை நோக்கிப் போட்டபோது, கால் பக்கம் திருப்பி ஓட்டம் சேர்த்தார். பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்று, 436 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். மறுமுனையில் லட்சுமண் கண்ணுக்கு விருந்தாக 178 அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் சச்சினுக்குக் கை அரிக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, கோலி தடுமாறியபோது, சுனில் கவாஸ்கர் இந்த ஆட்டத்தைத்தான் நினைவூட்டினார். சச்சின் ஆடியதைப் பாருங்கள், கவர் டிரைவைத் தள்ளி வையுங்கள் என்றார். தொடரின் கடைசி ஆட்டமும் அதே சிட்னியில்தான் நடந்தது. கோலி எடுத்தது 17, 6. இரண்டு முறையும் அதே விளிம்பு, அதே ஸ்லிப். 2025 மே 12-ஆம் தேதி டெஸ்டிலிருந்து ஓய்வை அறிவித்தார். 123 ஆட்டங்கள், 9,230 ஓட்டங்கள், 30 சதங்கள். பத்தாயிரத்துக்கு 770 குறைவு.

அப்படியானால் தலைக்கனம்தானா? கோலியின் பழைய கணக்கைப் புரட்டினால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

2014-இல் இங்கிலாந்துக்குப் போன கோலி, பத்து முறை களமிறங்கி வெறும் 134 ஓட்டங்கள் எடுத்தார். ஜேம்ஸ் ஆண்டர்சன் நான்கு முறை அவரை வீழ்த்தினார். ஊருக்குத் திரும்பிய கோலி தானாகவே சச்சினைத் தேடிப் போனார். வேகப்பந்து வீச்சாளரையும் சுழற்பந்து வீச்சாளரைப் போல முன்காலை வைத்துச் சந்திக்கும்படி சச்சின் சொன்னார். கோட்டுக்கு வெளியே நின்று ஆடச் சொன்னார் ரவி சாஸ்திரி. கோலி இரண்டையும் கேட்டார், பழகினார். 2018-இல் அதே இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டுகளில் 593 ஓட்டங்கள் குவித்தார். ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவரை வீழ்த்த முடியவில்லை.

ஆக, கேட்கத் தெரிந்தவர்தான் கோலி. ஆனால் அதே மனிதர் அணித் தலைவராக இருந்தபோதுதான், 2017 ஜூனில், பயிற்றுநர் அனில் கும்ளே பதவி விலகினார். டெஸ்டில் 619 விக்கெட் எடுத்தவர் கும்ளே. அவருடைய ஓராண்டில் அணி தோற்றுக்கொண்டும் இருக்கவில்லை. தம் பாணி தலைவருக்கு ஒத்துவரவில்லை என்று தெரியவந்ததாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் விலகினார்.

சச்சினிடம் காது கொடுத்தவர், கும்ளேயிடம் ஏன் ஒத்துப்போகவில்லை? உள்ளே நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து எனக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுதான். சச்சினிடம் கோலி கேட்டுப் போனார். கும்ளே, பதவியோடு வந்தவர். கேட்டு வாங்கிய அறிவுரையும் மேலிருந்து வரும் அறிவுரையும் ஒரே சொற்களாக இருந்தாலும், மூத்தவர் காதில் ஒன்றுபோல் விழுவதில்லை. 2024-இல் அறிவுரைகள் இன்னும் மோசமான வழியில் வந்தன. ஊரே பார்க்க, தொலைக்காட்சியில், ஒவ்வொரு முறை ஆட்டமிழந்த மறுநிமிடமும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது மூத்தவர்களுக்குக் கடினமில்லை. பேர் வாங்கித் தந்ததை விடுவதுதான் கடினம். கோலிக்குக் கவர் டிரைவ்தான் கையெழுத்து. அதை விடு என்று சொன்னால், "நீ நீயாக இருக்காதே" என்றுதான் காதில் விழும்.

நம்மவர் தினேஷ் கார்த்திக்கின் கதை இதற்கு நல்ல மருந்து. சென்னையில் பிறந்தவர், 2004-லேயே இந்தியாவுக்கு ஆடியவர். அணிக்குள் வருவதும் வெளியே போவதுமாகவே காலம் ஓடியது. அவர் பயிற்சிக்குத் தேடிப் போனது மும்பையின் அபிஷேக் நாயரை. நாயர் இந்தியாவுக்கு ஆடியது மூன்றே மூன்று ஒருநாள் ஆட்டங்கள். கார்த்திக்கோ 26 டெஸ்ட் ஆடியவர். "இவர் எனக்குச் சொல்லித்தருவதா?" என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர் போனார், பாடம் கேட்டார், தம் மாற்றத்துக்கு நாயர்தான் காரணம் என்று வெளிப்படையாகவும் சொன்னார். 2018-இல் கொழும்பில் எட்டே பந்தில் 29 ஓட்டம் எடுத்து, கடைசிப் பந்தில் சிக்சர் அடித்துக் கிண்ணத்தை வென்று தந்தார். 2019 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு மறுபடியும் வெளியே. அப்போதும் விடவில்லை. கடைசி ஓவர்களில் வந்து அடிப்பதை மட்டுமே தம் வேலையாக வைத்துக்கொண்டார். 2022 ஐபிஎல்லில் 330 ஓட்டங்கள் குவித்து, 37 வயதில் இந்திய அணிக்குத் திரும்பினார்.

இதை நான் கிரிக்கெட்டோடு நிறுத்திப் பார்ப்பதில்லை. கிள்ளானில் என் மாமா ஒருவர் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு வேலை பார்க்கிறார். தாளில் எழுதியே ஒரு காசு பிசகாமல் கணக்கை முடிப்பவர். இ-இன்வாய்ஸ் வந்தபோது, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் "அங்கிள், இப்படி இல்லை, அப்படிச் செய்யணும்" என்றாள். சொன்னது சரிதான். மாமா அன்றோடு அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அவளே ஒரு பழைய கணக்கோடு வந்து, "அங்கிள், இந்த வித்தியாசம் எங்கே வந்ததுன்னு எனக்குத் தெரியலை, பார்க்குறீங்களா?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்த இ-இன்வாய்ஸை எப்படிம்மா போடுறது?" என்றார்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மூத்தவரைத் திருத்த வேண்டுமானால் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் அவரிடம் ஏதாவது கேளுங்கள். மூத்தவர்களே, சறுக்கல் ஊருக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தெரிந்துவிட்டால், கேட்க வாய் வராது.

2025 ஐபிஎல்லில் பெங்களூரு அணி முதன்முறையாகக் கிண்ணம் வென்றது. அந்தத் தொடரில் கோலி 657 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் பேட்டிங் பயிற்றுநர் யார் தெரியுமா? தினேஷ் கார்த்திக். கேட்டுப் பழகியவர், சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார்.

அதே 2025 பிப்ரவரியில், கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில், 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றது. அந்த அணியில் மதுரைப் பெண் கமலினியும் இருந்தார். அப்போது வயது பதினாறு. இப்போது பயிற்றுநரின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு வேதம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, பேரும் புகழும் சேர்ந்த பிறகு, அவருக்கும் ஒரு நாள் பந்து விளிம்பில் படத் தொடங்கும். அன்று கூச்சமில்லாமல் போய்க் கேட்க அவருக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் நம் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.