திட்டக் குழுவில் யார் யார்?



அடுத்த ஐந்தாண்டுகளில் நம் டிரஸ்ட் எதைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று ஆராய்ந்து சொல்ல ஏழு பேர் கொண்ட திட்டக் குழு அமைக்கப்பட இருக்கிறது. நிர்வாகக் குழு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மாதாமாதம் மருத்துவ உதவி மனு, கல்விக் கட்டணம், விதவைகள் உதவித்தொகை என்று பார்ப்பதிலேயே எங்கள் நேரம் போய்விடுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் பன்னிரண்டு சகோதரிகளுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். நல்ல நிய்யத்துதான். சென்ற ஆண்டு போய்ப் பார்த்தால் எட்டு மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. "எல்லோரும் ரெடிமேட் வாங்குகிறார்கள், எனக்கு யார் துணி கொடுப்பார்கள்?" என்றார் ஒரு சகோதரி. அந்தத் தீர்மானம் போட்ட அன்று எங்களில் ஒரு பெண்கூட இல்லை.

ஆகவே ஏழில் இரண்டு இடம் பெண்களுக்கு. அதில் ஒருவர் டிரஸ்ட்டின் உதவி பெற்றவராக இருக்க வேண்டும். எதிர்ப்பு அதிகம் வந்தது இதற்குத்தான். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும் ஸஹாபாக்கள் மனம் உடைந்து, குர்பானி கொடுத்து முடி களையத் தயங்கி நின்றார்கள். தாங்கள் முதலில் செய்யுங்கள் என்று உம்மு ஸலமா (ரலி) சொன்ன யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுச் செய்தார்கள், எல்லோரும் பின்பற்றினார்கள். இதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஆலிம் கட்டாயம். ஜகாத் பணத்தில் கட்டடம் எழுப்பலாமா என்ற பேச்சு எந்தத் திட்டத்திலும் வந்தே தீரும். கணக்கு அறிந்தவர் ஒருவர் வேண்டும். வரிவிலக்கு பெறும் டிரஸ்ட் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்ற விதியை நினைவில் வைக்காமல் பெரிய திட்டம் போட முடியாது. முப்பது வயதுக்குட்பட்ட ஒருவர், பக்கத்து மஹல்லாவிலிருந்து அனுபவசாலி ஒருவர், நிர்வாகிகளில் ஒரே ஒருவர்.

அதிகம் நன்கொடை தருகிறார் என்பதற்காக எவருக்கும் இடமில்லை. சிலருக்கு வருத்தம் இருக்கலாம். நிர்வாகிகளின் நெருங்கிய உறவினர்களும் உறுப்பினராக முடியாது. தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்த உமர் (ரலி) அவர்கள், தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) மஷூராவில் அமரலாம், பதவியில் பங்கில்லை என்றார்கள். நம் தலைவரின் மருமகன் திறமைசாலி. அவர் பெயர் வந்தபோது தலைவரே வேண்டாம் என்றுவிட்டார். தேவைப்படும் அன்று கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வோம்.

மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் கூட்டம், எட்டு மாதங்கள். குழு பரிந்துரைக்கும், நிர்வாகம் முடிவு செய்யும். எதையாவது நிராகரித்தால் காரணத்தை இந்த இதழிலேயே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

இம்மாத இறுதிக்குள் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுங்கள். எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சென்ற முறை ஜகாத் கணக்கெடுப்புக் குழுவில் தங்கள் பெயர் இருப்பதை இருவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.