'வாங்க' என்று அழைத்த கடை

ஈப்போவில் நாசி கண்டார் என்றதும் பலர் சொல்லும் பெயர்களில் ஒன்று 'வாங்கே'. பெயர்ப்பலகையில் ரோமன் எழுத்தில் இருப்பதால் அதை மலாய்ச் சொல் என்று நினைக்கும் இளைஞர்கள் உண்டு. மாணவர்களே, அது நம் சொல். 'வாருங்கள்' என்பது பேச்சில் 'வாங்க' ஆகிறது. வாடிக்கையாளரைக் கூப்பிட்ட அந்தச் சொல்லே கடையின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று மலாய்க்காரர்களும் சீனர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடப் போகிறார்கள்.

நாசி கண்டாரும் தமிழ் முஸ்லிம்கள் இந்நாட்டுக்குத் தந்த உணவுதான். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தடி. பினாங்கில் அந்தத் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் அதை வாங்கிப் பசியாறினார்கள்.

என் சிறுவயதில் எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, அப்பா எங்களை ஈப்போவுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவார். சாமான்கள் வாங்கி முடித்ததும் நேராக இந்தக் கடைக்குத்தான். எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரு துண்டு கோழி. கறிக்குழம்பை மட்டும் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். சோறு குழம்பில் மிதக்கும். வேறொருவர் சமைத்ததை அம்மா உட்கார்ந்து சாப்பிட்டது மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

குழம்பின் சுவையைவிட எனக்கு அதிகம் நினைவிருப்பது அப்பாவின் முகம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்பார். இங்கே, "வாங்கண்ணே, உட்காருங்க" என்பார்கள். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்காருவார். 'வா' என்பதோடு 'ங்க' சேர்ந்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதை இலக்கணப் பாடத்துக்கு முன்பே நான் அங்கே பார்த்துவிட்டேன்.

இன்று பேராக்கின் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடமே தெரியவில்லை. கோலகங்சாரில் 1877-இல் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மரமாகி இன்றும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் பாதுகாக்கப்படுகிறது. மரத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பால் வெட்டியவர்கள் தங்கள் ஓய்வு நாளில் எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அது நம் தாத்தா பாட்டிகளின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

அதை எழுதி வைக்கும் வேலையை இந்த விடுமுறையில் நீங்கள் தொடங்கலாம். கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். சம்பளம் வாங்கியதும் எந்தக் கடைக்குப் போனீர்கள்? யாரோடு போனீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை வெள்ளி? அங்கே உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? பதிலை அவர்களின் பேச்சு நடையிலேயே எழுதி, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். நாளை தோட்டத் தமிழர் வரலாற்றை ஆராய வருபவருக்கு அந்தத் தாளும் ஓர் ஆதாரம்.