இடைத்தேர்தல் நாட்டின் போக்கைக் காட்டுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஓர் இடைத்தேர்தல் முடிவைக் கொண்டு நாட்டின் போக்கை அளப்போரும் இப்பழமொழியையே துணைக்கழைப்பர். ஆயின் அது ஒரே பானைக்குரிய பழமொழி என்பதை நாம் மறத்தலாகாது.

நம் ஆத்தூரை அடுத்த ஏற்காடு தொகுதியில் 2013 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க. 78,116 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களுள் 37 அக்கட்சிக்கே கிடைத்தன. மாநிலத்தின் மனத்தை ஏற்காடு காட்டிற்று எனலாம். எனினும் அதே தேர்தலில் 282 இடங்கள் வென்று இந்திய ஆட்சியை அடைந்தது பா.ஜ.க.; அதனை ஏற்காடு காட்டவில்லை.

உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர், பூல்பூர் மக்களவைத் தொகுதிகளை 2018 மார்ச்சில் இழந்த பா.ஜ.க., 2019-இல் அவ்விரண்டையும் மீட்டதுடன் நாடெங்கும் 303 இடங்களைப் பெற்றது. இடைத்தேர்தலில் ஆட்சி மாறுவதில்லை. பொதுத்தேர்தலிலோ, ஆள்பவர் யார் என்பதே வினா. வினா மாறின் விடையும் மாறும்.

1973-இல் திண்டுக்கல்லில், தொடங்கி ஓராண்டும் நிறையாத அ.தி.மு.க. வென்றது, 1977-இல் மாநில ஆட்சியையும் பெற்றது. அங்கு வெற்றிக்குக் காரணமான கட்சிப் பிளவு தமிழகம் முழுவதையும் தழுவியிருந்தது.

ஆகவே, முடிவை மட்டும் நோக்காது, அதன் காரணம் பிற தொகுதிகளிலும் உண்டா என ஆராய்வோமாக. வாக்குரிமை பெறும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது.