கத்திக்கு முன் ஒரு கணக்கு

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலர் முழங்காலை மடக்கியபடியே நடப்பார்கள். சிறிது தூரம் போவதற்குள் களைத்துவிடுவார்கள். தொடையின் பின்பக்கத் தசை குட்டையாகி முழங்காலை இழுத்துப் பிடிக்கிறது என்று கருதி, அதை நீளமாக்கும் அறுவை சிகிச்சை நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருகிறது. சில பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். சிலருக்குப் பலனில்லை.

ஏன் இந்த வேறுபாடு என்பதற்கான விடையை அமெரிக்க உயிரிப்பொறியியலாளர் ஸ்காட் டெல்ப்பும் அவருடைய குழுவினரும் கணினியில் தேடினார்கள். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்ற அளவுகளைக் கொண்டு கணினிக்குள் ஒரு காலை உருவாக்கி, அந்தப் பிள்ளைகள் நடந்தபோது பதிவான மூட்டுக் கோணங்களை அதற்குக் கொடுத்தார்கள். அடிக்கு அடி தசையின் நீளம் கணக்கில் வந்தது. 1996இல் வெளியான முடிவு மருத்துவர்களை யோசிக்க வைத்தது: பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தத் தசை குட்டையாகவே இல்லை!

அந்தத் தசை இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போகிறது. முழங்கால் மடங்கினால் அது தளரும். இடுப்பு மடங்கினால் இழுபடும். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே மடங்குவதால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. மடங்கிய முழங்காலை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. குட்டையாகாத தசையை வெட்டி நீட்டினால் குழந்தைக்கு மிஞ்சுவது வலியும் பலவீனமும்தான். உடலசைவைக் கணினியில் கணக்கிடும் இந்தத் துறையின் ஆகப் பெரிய பயனாக நான் நினைப்பது, தேவையில்லாத அந்த வெட்டைத் தவிர்ப்பதைத்தான்.

நீளத்தைவிடத் தசையின் விசையைக் கண்டறிவது கடினம். உடலைத் திறக்காமல் அதை நேரடியாக அளக்க வழியில்லை. ஒரு மூட்டை அசைக்கத் தேவைக்கும் அதிகமான தசைகள் இருப்பதால், எது எவ்வளவு இழுத்தது என்பதற்கு எண்ணற்ற விடைகள் பொருந்தும். உடல் குறைந்த சிரமத்தில் வேலையை முடிக்கும் என்று அனுமானித்து, நிரல் அவற்றில் ஒன்றைத் தேர்கிறது. அனுமானம் என்பதால் சோதித்தாக வேண்டும். உணர்கருவி பொதிந்த செயற்கை முழங்கால் பொருத்தப்பட்டவர்கள் அதற்கு உதவினார்கள். சாதாரண நடையிலேயே முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை விழுவதை அந்தக் கருவிகள் காட்டின. தசைகள் எலும்புகளை இறுக்கிப் பிடிப்பதே இதற்கு முக்கியக் காரணம். கணினி சொன்ன எண்களை இந்த அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் மாதிரிகள் திருத்தப்படுகின்றன.

டெல்ப்பின் குழு 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து, இத்தகைய கணக்குகளுக்கான ‘ஓப்பன்சிம்’ மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. ஆனால் இத்தகைய மாதிரிகளின் தசை அளவுகளில் பெரும்பகுதி இறந்த பெரியவர்களின் உடல்களில் எடுக்கப்பட்டவை. எலும்பே முறுக்கிக்கொண்ட எட்டு வயதுக் குழந்தைக்கு அவற்றைச் சுருக்கிப் பொருத்தினால் போதாது. அந்தக் குழந்தையின் ஸ்கேன் படத்திலிருந்தே மாதிரியை உருவாக்க வேண்டும்.